கடக ராசிக்காரரும் ரஷ்ய ராக்கெட்டும்

6-9-1959, ஞாயிறு

நாள் குறித்துவிட்டார்கள். பதினாறாம் தேதி, ஆவணியின் கடைசி முகூர்த்தம். மாப்பிள்ளை வடிவேலு, துறைமுகத்தில் கிளார்க். பத்தொன்பதாம் தேதியே நாங்கள் இருவரும் கப்பலேறி, கடல் தாண்டிப் பூர்வீக ஊருக்குப் போய்க் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டுமாம். திரும்பி வர ஒரு மாதம் ஆகும்.

"இருபத்தொண்ணாம் தேதி எனக்குப் பரீட்சை" என்றேன். "இனிமே பரீட்சை எதுக்கும்மா?" என்று அப்பா சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வாயே திறக்கவில்லை. வாயில் கொழுக்கட்டையா?

காலையில் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி, மத்தியானம் பயிற்சி வகுப்புக்கு பஸ் பிடித்து — மூன்று வருஷம்! இந்தக் கடைசிப் பரீட்சையை எழுதாவிட்டால் ஆசிரியை வேலை நிலைக்காது. யாரிடம் சொல்வது?

9-9-1959

முகூர்த்தப் புடவை வந்தது. அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு அழுகைதான் வருகிறது.

14-9-1959, திங்கள்

இன்று விடியற்காலை ரஷ்யாக்காரர்களின் ராக்கெட் சந்திரனில் போய் மோதியதாம். ஆள் இல்லாத வெறும் இயந்திரம். பள்ளிக்கூடம் முழுக்க அதே பேச்சு. எனக்கு என் கவலை.

சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா ரத்தினம்மா குவீன்ஸ்டவுனிலிருந்து டாக்ஸியில் வந்து இறங்கினார். உட்காரக்கூட இல்லை.

"சம்பந்தி, சந்திரன்ல இரும்பு விழுந்துருச்சாம்! இங்கிலீஷ் பேப்பரைத் தம்பி வடிவேலுதான் படிச்சுச் சொன்னான். அவனுக்குக் கடக ராசி, ராசிநாதனே சந்திரன். அடிபட்ட நேரத்துல தாலி கட்டலாமா? நாப்பது நாள் கலங்கியிருக்கும்னு பேப்பர்லயே போட்டிருக்காம்."

எந்தப் பேப்பரில் அப்படிப் போட்டானோ! நாற்பது நாள் கணக்கு அத்தையின் கைச்சரக்காகத்தான் இருக்கும். மகனும் சரியான அம்மா பிள்ளை போல.

அப்பா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது. ஆக, ஐப்பசியில் நவம்பர் ஐந்து என்று முடிவாயிற்று. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அடுப்படிக்குப் போய் நான் ஒரு குதி குதித்தேன்.

17-9-1959

எங்கள் பஃபலோ ரோடு முழுக்க, "பொண்ணு ராசி சரியில்லை" என்று பேச்சாம். பேசட்டும். பயிற்சி வகுப்புத் தோழி லீலா வீட்டில் உட்கார்ந்து சேர்ந்து படிக்கிறோம். அந்த ரஷ்யாக்காரன் நல்லா இருக்கணும். அவன் பிள்ளைகுட்டி நல்லா இருக்கணும்.

25-9-1959

எழுதி முடித்துவிட்டேன். ஐந்து நாளும். விரல் வீங்கியிருக்கிறது, மனசு லேசாக இருக்கிறது.

27-10-1959

பாஸ்! வேலையும் நிலைத்தது. ஆனால் கல்யாண நாளைத் தவிர, டிசம்பர் விடுமுறை வரைக்கும் ஒருநாள்கூட லீவு கிடையாது என்கிறார் தலைமையாசிரியர். கல்யாணம் முடிந்ததும் கப்பல் என்கிறார் அத்தை. என்ன செய்ய?

29-10-1959, வியாழன்

அத்தையும் அவரும் தீபாவளிப் பலகாரத்தோடு வந்தார்கள். இன்னொரு ரஷ்ய இயந்திரம் சந்திரனைச் சுற்றிப்போய், நாம் பார்த்தே இராத பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறது. அந்தப் படம் மேஜைமேல் கிடந்த இங்கிலீஷ் பேப்பரில். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மறுபடியும் போயிட்டானா! தம்பி, என்ன போட்டிருக்கான்னு படி லா."

அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாக வாசித்தார். "சந்திரனுக்கு ஒரு குறையும் இல்லையாம்மா. முன்ன பட்ட அடியும் ஆறிப்போச்சாம். நல்ல காரியம் செய்யலாம்னு போட்டிருக்கான்."

நான் அவர் பின்னால்தான் நின்றேன். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

அப்படியானால் செப்டம்பரில்? அந்த நாற்பது நாள்?

அவர் திரும்பினார். காது சிவந்திருந்தது. "பரீட்சை நல்லா எழுதுனீங்களா?" என்றார் மெதுவாக.

தலையை ஆட்டினேன். கண் கலங்கிவிட்டது. இவரையா அம்மா பிள்ளை என்று எழுதினேன்? ரஷ்யாக்காரனுக்குச் சொன்ன நன்றியெல்லாம் இவருக்குச் சேர வேண்டியது.

அத்தைக்கு அப்போதும் சந்தேகம். "நீ படிச்ச பொண்ணு. பாத்துச் சொல்லும்மா, அப்படித்தானா போட்டிருக்கு?"

பேப்பரை வாங்கி, விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தேன்.

"ஆமாங்க அத்தை, அப்படித்தான் போட்டிருக்கு. கப்பல் பயணம் மட்டும் டிசம்பர்ல வச்சுக்கிட்டா நல்லதுன்னு கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கு."

காபியை உறிஞ்சிக்கொண்டிருந்த அவருக்குப் புரையேறிவிட்டது.