வலக்கையை அறிந்த பூஞ்சை

இன்று காலை ஒரத்தநாட்டுப் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போயிருந்தேன். ஈர நெல் பற்றிய செய்திக்காக. இயந்திரத்திலிருந்து சூடாக விழுந்த தவிட்டை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தேன். மில்காரர் சிரித்தார். ஏன் மோந்தேன் என்று உங்களுக்குத் தெரியும், பேராசிரியரே.

அப்போது, தஞ்சாவூர்க் கல்லூரி மாடியில் இருந்த உங்கள் ஆய்வறையை வேறு துறைக்குக் கொடுக்க முடிவாகியிருந்தது. மீதி ஒரு மாதம். அதற்குள் ஒரே ஒரு கேள்விக்கு உங்களுக்கு விடை வேண்டும். வைரஸ் பெருகுவதற்குத் தன் புரதத்தை வெட்டிக்கொள்ளும் கத்தரியை அடைத்துவிடுபவை புரோட்டீயேஸ் தடுப்பான் மருந்துகள். அந்த மருந்தில் சேரும் ஒரு சிறு மூலக்கூறு, வலக்கையும் இடக்கையும் போல இரண்டு வடிவில் உருவாகிறது. மருந்துக்குப் பொருந்துவது ஒன்றுதான். நனைந்த வைக்கோலிலிருந்து நீங்கள் பிரித்தெடுத்த பூஞ்சையின் நொதி, அந்த ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்குமா?

பூஞ்சைக்குத் தீனி தவிடு. "எங்க ஊர் மில்லு தவிடு, மாவாட்டம் இருக்கும்" என்று பெருமையடித்து மூட்டையைக் கொண்டுவந்தவன், செய்தி எழுத வந்த நான். பூஞ்சையை வளர்க்க வைத்த மூன்று தட்டிலும் ஒன்றும் முளைக்கவில்லை.

"பூஞ்சை சோர்ந்துபோச்சு சார். ஏறக்கட்டிட வேண்டியதுதான்" என்றீர்கள்.

அப்போதுதான் மூட்டையைப் பிரித்தேன். சிக்கு வாடை. பச்சரிசித் தவிடு, அதையும் ஒரு வாரம் கார் டிக்கியில் வெயிலில் போட்டு வைத்திருந்தேன். தவிட்டில் இருக்கும் எண்ணெய் கெட்டுவிட்டது. சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"பேப்பர்ல தப்பு வந்தா மறுநாள் திருத்தம் போடுவீங்கல்ல ரிப்போர்ட்டர் சார்? தவிட்டுக்கும் போடுங்க."

மறுநாள் காலை, சீக்கிரம் கெடாத புழுங்கல் தவிடு, மூட்டைச் சூடு ஆறுவதற்குள் உங்கள் மேசைக்கு வந்தது. சில நாளில் தட்டு முழுக்க நாற்றங்கால் போலப் பச்சை.

கடைசி வாரம், கரைசலில் ஒளி திரும்புகிறதா என்று காட்டும் அந்த நீளக் குழாய்க் கருவிக்கு முன் என்னை உட்கார வைத்தீர்கள். "கண்ண வைங்க." முதலில் இரண்டு வடிவும் கலந்த கரைசல். வட்டத்தின் இரு பாதியிலும் ஒரே வெளிச்சம். வலதும் இடதும் சமமாக இருந்தால் ஒளி திரும்பாது என்றீர்கள். அடுத்து, நொதி தேர்ந்து பிரித்த கரைசல். ஒரு பாதி இருண்டது. ஒளி திரும்பியிருந்தது. கண்ணும் கையும் இல்லாத ஒன்று, வலது எது இடது எது என்று அறிந்திருந்தது. எத்தனையோ வருடம் செய்தி எழுதியவன், உடனே அதற்கு ஒரு தலைப்பைத் தேடினேன்.

வந்தது தப்பாகத்தான் வந்தது. "'தஞ்சைப் பூஞ்சையில் வைரஸ் மருந்து'ன்னு தலைப்பு வச்சிடலாமா?"

"அட போங்க. மருந்தா செஞ்சேன்? மருந்துல ஒரு துண்டு. துண்டுன்னே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். உள்பக்கத்தில் ஒற்றைப் பத்தியாக வந்தது. அதை வெட்டி அந்தக் கருவியின் மேல் ஒட்டினீர்கள். அறை போயிற்று, நீங்களும் போய்விட்டீர்கள். இன்றும் யாராவது எதையோ கண்டுபிடித்ததாகச் சொன்னால், "முழுசா, துண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

"மாட்டுக்குப் போற தவிடு சார், அதுல என்ன பாக்குறீங்க?" என்றார் மில்காரர். வலக்கையில் இருந்ததை இடக்கைக்கு மாற்றிப் பார்த்தேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.