எண் இல்லாத வழக்குக் கட்டுகள்

இன்று காலை கறுப்புக் கோட்டை மாட்டும்போது கைமடிப்பில் ஒரு தங்கத் துணுக்கு மின்னியது. சாக்லேட் சுற்றி வருகிற தாள். நேற்று உன் கட்டுகளைப் புரட்டியதில் ஒட்டிக்கொண்டது. போய்ச் சேர்ந்த பிறகும் என்னை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாய். கோபமாக வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

வேப்பம்பட்டில் ரயில் ஏறினால் திருவள்ளூர் வரும்வரை உனக்கு அந்த செல்போன் படங்கள்தான். ஐரோப்பாவில் அச்சு வருவதற்கு முன்னால் தோலில் கையால் எழுதிய சட்டப் புத்தகங்கள். வழக்கு தொடங்கும் இடத்தில் முதல் எழுத்து மட்டும் பெரிதாக இருக்கும். அதன் வயிற்றுக்குள் நீதிபதி, சண்டை போடும் இரண்டு பேர், ஓரத்தில் நாயைத் துரத்தும் முயல், சுற்றிலும் தங்கப் பூச்சு. "அப்ப பக்கத்துக்கு நம்பரே கெடையாதுடா. படத்தைப் பாத்தே வழக்கைக் கண்டுபுடிச்சிக்கினு இருந்தான்," என்பாய். எனக்கு உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருக்கும்.

பார்த்ததோடு விட்டாயா? நாம் சேர்ந்து நடத்திய வக்கீல் ஆபீஸ் கட்டுகளின் மேல்தாளில் வழக்கு எண்ணையும் பெயரையும் எழுதுவதை நிறுத்தினாய். கட்சிக்காரரின் முதல் எழுத்தைப் பெரிதாக வரைந்து, உள்ளே ஒரு படம் போட்டு, தங்கத்தாளை ஒட்டினாய். நம்பரை எழுதித் தொலையேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். "எனக்குத் தெரியுமில்ல, வுடு," என்றாய். உனக்குத் தெரியும், சரி. மாரடைப்பில் நீ போனபின் யாருக்குத் தெரியும்?

நேற்று தாவீதின் வழக்கு. கும்மிடிப்பூண்டியில் பிரஸ் மெஷினுக்கு வலது கையில் மூன்று விரல்களைக் கொடுத்தவன். அவனுடைய அசல் மருத்துவச் சான்றிதழ் உன் கட்டில் இருந்தது. வாய்தா வாங்கி வாங்கி, நேற்றுதான் கடைசி. தாக்கல் செய்யாவிட்டால் தள்ளுபடி, நஷ்டஈடு கிடையாது. பீரோ முழுக்க உன் கட்டுகள். 'தா'வுக்குள் கை, விரல், மெஷின் என்று தேடினேன். தாமோதரனுக்குக் கிணறு இருந்தது, தாயம்மாளுக்கு ஆடு இருந்தது, கையை மட்டும் காணோம். முடிச்சு முடிச்சாக அவிழ்க்க ஆரம்பித்தேன். உன்னைத் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அதற்குள் தாவீதே வந்துவிட்டான். நிலத் தகராறு என்று நான் ஒதுக்கிய அடுக்கிலிருந்து ஒரு கட்டை இழுத்தான். 'தா'வுக்குள் வெள்ளைப் பட்டைகள், இடையிடையே கறுப்பு. நான் அதை வேலி என்று நினைத்திருந்தேன்.

"இதான் சார் என்னுது. சர்ச்சுல கீபோர்டு வாசிச்சிக்கினு இருந்தேன். மொத நாளே அந்த சார் கேட்டாரு, வெரலு போனதுல உனக்கு இன்னா போச்சுன்னு."

சொல்லிவிட்டு மிச்சமிருந்த இரண்டு விரல்களை அந்தப் பட்டைகளின் மேல் வைத்தான். நான் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

தாக்கலாகிவிட்டது, வழக்கு பிழைத்தது. ஆனாலும் ரயிலில் திரும்பும்போது ஆத்திரம் தீரவில்லை. நான் அவனிடம் சம்பளம், வயது, ஊனம் எத்தனை சதவீதம், இவ்வளவுதான் கேட்டிருந்தேன். அப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு நம்பர் எழுதத் தெரியாதா?

இன்று சாயங்காலம் மீதிக் கட்டுகளுக்கு எண் போட உட்கார்ந்தேன். ஒன்றில் 'பா'வுக்குள் மடக்கிய குடை. பிரித்துப் பார்த்தேன். புதுவாயல் பாக்கியம், பாகப்பிரிவினை வழக்கு. குடையைப் பற்றி உள்ளே ஒரு வரிகூட இல்லை. உன்னைக் கேட்கவும் வழியில்லை. உன் படத்தின் மேல் படாமல், ஓரமாக எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதினேன்.

பாக்கியம் அம்மா வரட்டும். வழக்கைப் பேசுவதற்கு முன்னால் அந்தக் குடையைத்தான் கேட்கப் போகிறேன்.