கரன்ட் இல்லை என்று ஒரு கையெழுத்து

செவ்வாய், இரவு

மல்லாபூர் ஃபேக்டரியில் பேனலைத் திறக்குமுன், கரன்ட் இல்லையென்று டெஸ்டர் வைத்துப் பார்த்து இன்ஜினியர் பர்மிட்டில் கையெழுத்துப் போடவேண்டும். டிகிரி இருப்பதால் அது என் வேலை. இன்றும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டேன்.

அந்தப் பர்மிட்டை வாங்கிக்கொண்டு போன எலக்ட்ரீஷியன் செபாஸ்டின் பத்தே நிமிடத்தில் திரும்பி வந்தான். வலது உள்ளங்கை கருகியிருந்தது. இடது கையால் என் சட்டையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய், பேனல் கதவில் என் முகத்தை மோதினான். மூக்கில் ரத்தம் கொட்டியது.

“கரன்ட் இல்லன்னு எழுதினீங்கல்ல சார்? இப்ப நீங்க தொடுங்க!”

என் மணிக்கட்டை முறுக்கிப் பேனலுக்குள்ளிருந்த கம்பியருகே கொண்டுபோனான்.

“நக்கோ செபா, நக்கோ!” என்று இந்த ஊர்ப் பேச்சிலேயே வேண்டாம் வேண்டாமென்று அலறினேன். விட்டுவிட்டான்.

சாயங்காலம் அவனை வேலையைவிட்டு நீக்கும் ரிப்போர்ட் வந்தது. அதிலும் என் கையெழுத்து வேண்டுமாம். போட்டேன். இதை மட்டும் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டேன்.