கிணற்றடிக்கு மேலே ஒரு ட்ரோன்

ஜூலை 3, வியாழன்

சோழகக் காற்று. நான் வேலை செய்யும் வீடியோ ஸ்ரூடியோவின் முன் தகரம் நாள் முழுக்கத் தடதடப்பு. முதலாளியின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய ரேசிங் ட்ரோன் வந்துவிட்டது. உருவம் சிறிது. சத்தம், குளவிக் கூட்டைக் கலைத்த மாதிரி.

"கம்பஸ் முடிச்சனீதானே பிள்ளை, உதை ஒருக்காப் பூட்டித் தா," என்றார் முதலாளி.

பல்கலைக்கழகத்தில் படித்தது தாவரவியல். சொல்லவில்லை. வழக்கம்போல.

செய்தவை: ரிமோட்டோடு இணைப்பு. மோட்டர்கள் சுற்றும் திசை (ஒன்று எதிர்ப்பக்கம், லப்டொப்பில் மாற்றினேன்). சுவிச்சுகள்: மோட்டர் பூட்டைத் திறக்க ஒன்று (அதைத் தட்டாமல் எதுவும் சுற்றாது), தானாகச் சமநிலை பிடிக்க ஒன்று, எங்காவது விழுந்தால் கூவ ஒன்று. சிக்னல் அறுந்தால் மோட்டர் நிற்கிறதா? இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன். நின்றது.

கமராக்காரன் சுதன் வந்தான். ட்ரோனோடு படம் எடுத்துப் பேஸ்புக்கில் போட்டான்: "நானே பூட்டினது." த்தூ.

ஜூலை 4, வெள்ளி

காற்று குறையவில்லை. மானிப்பாயில் ஒரு மைதானம். சுதன் பறக்கவிட, நான் ஆட்களை விலக்க. ஏறியது, மாமரத்தில் அடித்தது, தலைகீழாய் விழுந்தது. தானாகப் புரட்டும் வசதி இருக்கிறது என்றேன். காதில் விழுத்தவில்லை. சுவிச்சைத் தட்டி மோட்டரை நிறுத்தாமலே கையை வைத்தான். விரல் தப்பியது அவன் அதிர்ஷ்டம்.

பின்னேரம்தான் விஷயம் தெரிந்தது. ஞாயிறு உடுப்பிட்டியில் சாமத்திய வீடு, ஒரு பிள்ளை பெரியவளான சடங்கு. பிள்ளையின் சுவிஸ் சித்தப்பாவுடைய விருப்பம்: அவளுக்குத் தண்ணி வார்க்கும்போது ட்ரோன் மேலிருந்து இறங்கி அவளைச் சுற்ற வேண்டும். பந்தலில் பெரிய திரையில் அப்படியே தெரிய வேண்டும்.

திரையோடு இணைத்துக் கொடுத்தேன். படம் தெளிவு. கொஞ்ச நேரம் பெருமையாகக்கூட இருந்தது. அதை நினைக்கத்தான் இப்போது அருவருப்பு.

ஜூலை 6, ஞாயிறு

உடுப்பிட்டி. கிணற்றடியில் நாலு பக்கமும் சேலை கட்டி மறைப்பு. ஆம்பிளைகள் பார்க்கக் கூடாதாம். மேல்பக்கம் திறப்பு. அது எங்கள் ட்ரோனுக்கு. பந்தலில் அதே ஆம்பிளைகள், முன் கதிரைகளில், திரைக்கு நேரே.

"என்ன, படம் இன்னும் தொடங்கேல்லையோ?"

சிரிப்பு. சேலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

மறைப்புக்குள் பிள்ளை. பெயர் அபிநயா. ஒல்லி. என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நனைஞ்ச உடுப்போடை நிக்கேக்கை உது கிட்ட வருமோ?"

"ஓம்."

"ஆர் பாக்கினம்?"

"பந்தலிலை இருக்கிற எல்லாரும்."

"அம்மாட்டைச் சொன்னனான். சித்தப்பா ஆசைப்படுறார், பேசாமல் நில் எண்டிட்டா."

வெளியே வந்தேன். ட்ரோனை லப்டொப்பில் கொழுவினேன். மோட்டர் பூட்டைத் திறக்கும் சுவிச்சின் அமைப்பை அழித்தேன். சேமித்தேன். புல்லில் கொண்டுபோய் வைத்தேன்.

உள்ளே போக உரிமையுள்ள தாய்மாமன் வாளியைத் தூக்குகிறார். சுதன் சுவிச்சைத் தட்டுகிறான். தட்டுகிறான். அசைவில்லை.

"என்னடி செய்து வைச்சிருக்கிறாய்?"

சித்தப்பா: "கனடாச் சாமான் எண்டு புளுகினியள்!"

அதற்குள் வார்த்து முடிந்தது. துவாயைச் சுற்றிக்கொண்டு அபிநயா வீட்டுக்குள் ஓடிவிட்டாள். பெரிய திரையில் புல்லும் யாருடையதோ ஒரு செருப்பும்.

ஜூலை 7, திங்கள்

மழை வரும்போல இருட்டு. வரவில்லை.

முதலாளி சுதனைப் பிடித்து ஏசினார். "மாடு! உன்னாலை என்ரை மானம் போச்சு." முதலில் ரசித்தேன். பிறகு அதுவும் பிடிக்கவில்லை.

என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, என்ன பிழையெண்டு பார். அடுத்த கிழமை கொடிகாமத்திலை இன்னொரு சாமத்திய வீடு. அவையும் உதே மாதிரித்தான் கேக்கினம்."

பழுது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"பிழை ஒண்டுமில்லை அண்ணை. நான்தான் நிப்பாட்டினனான்."

"ஏன்?"

"அந்தப் பிள்ளையை ஒருத்தராவது கேட்டனீங்களோ?"

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் வாசலைக் காட்டினார். லப்டொப் ஸ்ரூடியோவினுடையது. மூடி வைத்தேன்.

சைக்கிளை எடுக்கும்போது சுதன் பின்னால் வந்தான். குரலைத் தாழ்த்தி, "அதை எப்பிடித் திரும்ப வேலை செய்ய வைக்கிறது?"

சொல்லிக் கொடுக்கவில்லை.