பட்டாணி வயலின் மேல் பெர்சிவல்

1996

மார்ச் 5

குளியலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ஆள் வியாழக்கிழமைதான் வருவானாம்.

மதியம் நெவில் பெட்டிட் என்று ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். பேருந்துப் பணிமனையில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர். நண்பர்களோடு சேர்ந்து ஒரு பழைய பெர்சிவல் விமானத்தைக் கொட்டகையில் வைத்துச் சரிசெய்கிறாராம். "அந்த விமானம் மருந்து தெளிச்ச காலத்துல நீங்க வயல்ல கொடி பிடிச்சீங்களாமே? பாதிரியார் சொன்னார்." ஆமாம் என்றேன். "மிஸஸ் ஃபிஸ்க், உங்களத்தான் தேடிட்டு இருந்தோம்" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். இதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

மார்ச் 9

போய்ப் பார்த்தேன். தலைப்பிரட்டைக்கு இறக்கை முளைத்ததுபோல் அதே உருவம்: முன்னால் ஊதின வயிறு, பின்னால் குச்சி வால். துணி இன்னும் போர்த்தவில்லை, எலும்புகளாக நிற்கிறது. அழகான விமானம் என்று யாரும் இதைச் சொல்லிவிட முடியாது. நெவில் அதன் மூக்கைத் தடவிக்கொண்டே பேசுகிறார்.

ஹியூபர்ட் ஸ்னெல்லிங் இருந்தார். அந்தக் காலத்தில் இதன் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர். இப்போது ரொம்பப் பெருத்துவிட்டார். "ம்யூரியல், நீ மாறவே இல்ல. அப்பவும் இப்படித்தான் மூஞ்சிய வெச்சிருப்ப" என்றார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோருடைய ஞாபகங்களையும் ஒலிப்பதிவு செய்யப்போகிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 10

ஜாய்ஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 23

கொட்டகையில் நாற்காலி போதாத கூட்டம். பாதிப்பேர் இந்த விமானம் பறந்து பார்த்ததே இல்லை, ஆனால் அதன் ஆணி வரை தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

முதலில் ஹியூபர்ட், செம்மறிக் கடா கதை. இந்த விமானத்தின் வயிறு பின்பக்கம் கதவாகத் திறக்கும். பீப்பாய், ஆடு எது வேண்டுமானாலும் ஏற்றலாம். கடா நடுவானில் மூத்திரம் பெய்துவிட்டதாம். "விமானி தலைய வெளிய நீட்டிக்கிட்டே ஓட்டினாரு. இறங்கினப்புறம் கடாதான் தெளிவா இருந்துச்சு, விமானிக்குத்தான் மயக்கம்." நானும் சிரித்தேன்.

பிறகு என் முறை. "வேடிக்கையா எதாவது இருந்தாலும் சொல்லுங்க" என்றார் நெவில்.

வேடிக்கையாக எதுவும் நினைவுக்கு வரவில்லை. இருந்ததைச் சொன்னேன். பட்டாணி வயலின் இந்த முனையில் நான், அந்த முனையில் தங்கை ஜாய்ஸ், ஆளுக்கொரு வெள்ளைக் கொடி. விமானம் என் கொடியிலிருந்து அவள் கொடிக்கு நேர்கோட்டில் வரும், மருந்தைத் தூவிக்கொண்டே தலைக்கு மேல் போகும். நாங்கள் கொஞ்சம் தள்ளி நிற்போம், அது திரும்பி வரும். நாள் முழுக்க இதுதான். முடியெல்லாம் நனைந்துவிடும். உதட்டை நக்கினால் லேசாகத் தித்திக்கும். அதே கையால் வேலியோரம் உட்கார்ந்து ரொட்டி தின்போம். ஜாய்ஸ் முப்பத்தொரு வயதில் ரத்தத்தில் வந்த நோயில் போனாள். மருந்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

ஹியூபர்ட் ஒலிப்பதிவை நிறுத்தக் கை நீட்டினார். நெவில் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அதுக்கு விமானம் என்னம்மா பண்ணும்?" என்றார் ஹியூபர்ட்.

"விமானத்த நான் ஒண்ணும் சொல்லலையே. ஞாபகம் கேட்டீங்க, சொன்னேன்."

மார்ச் 24

போயே இருக்கக் கூடாது. எதுக்குப் போனேன்? அவங்க பாட்டுக்கு டீயும் கேக்குமா சந்தோஷமா இருந்தாங்க— நான் போய்— ஆனா அவளையும் சேத்துத்தானே அது ஞாபகம்? கடாவுக்கு இடம் இருக்கு, ஜாய்ஸுக்கு இல்லையா?

ஏப்ரல் 2

நெவில் வாசலில். கையில் கடையில் வாங்கின கேக், டப்பாவைப் பிரிக்கக்கூட இல்லை. உள்ளே வந்ததும் வானிலையைப் பற்றிப் பேசினார், குழாய் இன்னும் ஒழுகுவதைப் பார்த்தார், தானே முடுக்கிவிட்டார். கிளம்பும்போதுதான் விஷயம். அன்றைய பதிவை ரோலண்ட் லெகட்டுக்கு அனுப்பியிருக்கிறார். எங்கள் வயல்மேல் பறந்த விமானி ரோலண்ட்தான். உயிரோடு இருக்கிறாரா என்றேன். "இருக்கார். நார்ஃபோக்ல. உங்களப் பாக்கணுமாம்."

ஏப்ரல் 14

நெவில்தான் காரில் கூட்டிப்போனார். ரோலண்டுக்கு ஒரு கண் தெரியாது. மூச்சு வாங்குகிறது. அவருடைய கோஷ்டியில் இருந்த விமானிகளில் மிச்சம் அவர் ஒருவர்தான். "நாங்களும் அதைத்தான் சுவாசிச்சோம்" என்றார், சமாதானம் சொல்வதுபோல் இல்லாமல்.

பிறகு கேட்டார்: "உன் தங்கச்சி அந்தப் பக்கம் என்ன பண்ணுவான்னு உனக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவு தூரத்தில் கொடிதான் தெரியும், அதுவும் புள்ளியாக.

"நான் கிட்ட வர்ற வரைக்கும் குனியாம நிப்பா. தலைக்கு மேல வந்தவுடனே நாக்க நீட்டுவா. ஒவ்வொரு தடவையும். சிரிச்சுச் சிரிச்சு ஒருதரம் வேலியில மோதப் பாத்தேன்."

இன்னொன்றும் சொன்னார். ஒரு சாயங்காலம், மருந்துத் தொட்டியைக் கழற்றியிருந்த சமயம், ஜாய்ஸ் கேட்டுக்கொண்டதால் அவளை ஏற்றிக்கொண்டு கடல்வரை போய்வந்தாராம். வழி முழுக்கப் பாடிக்கொண்டே வந்தாளாம்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"அம்மாகிட்ட நீ போட்டுக்குடுத்துடுவேன்னு சொன்னா."

கொஞ்சம் யோசித்தேன். "ஆமா, சொல்லியிருப்பேன்."

நெவில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழி முழுக்க எனக்கு அவள்மேல் கோபம். செத்துப்போய் இத்தனை வருஷம் கழித்து ஒருத்திமேல் கோபப்படுவது விசித்திரமாக இருக்கிறது. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் ஆஸ்பத்திரி முகமாக இல்லாமல் வந்தது.

மே 19

துணி போர்த்தி மஞ்சள் அடித்துவிட்டார்கள்.

ஜூலை 7

கொட்டகையில் சண்டை. அடுத்த மாதம் பொதுமக்களுக்குப் பறந்து காட்டும்போது விமானம் பழையபடி தெளித்துக் காட்டவேண்டும் என்று ஹியூபர்டுக்கு ஆசை. வெறும் தண்ணீர்தான். நெவில் என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். ஹியூபர்ட் விடவில்லை. "எல்லாத்துக்கும் இவ முகத்தையே பாத்துட்டு இருந்தா எப்படி?"

"தெளிக்கட்டும்" என்றேன். "ஆனா கொடி பிடிக்க ஆள் வேணும். அந்த முனையில ஹியூபர்ட் நிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹியூபர்டும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

ஆகஸ்ட் 25

நல்ல வெயில். வேலியோரம் முழுக்கக் காமிராக்கள். ரோலண்டைக் கம்பளி போர்த்தி நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

விமானி நெவிலின் மருமகன். பக்கத்து இருக்கையில் நான். நெவில் கேட்டார், சரி என்றுவிட்டேன். இந்த விமானத்தில் நான் ஏறியதே இல்லை. இருக்கை ஏணிமேல் வைத்ததுபோல் உயரம்.

முதலில் கொடி. அதன் கீழே ஒரு கறுப்புப் புள்ளி. அது ஆளானது, தொப்பியானது, முகமானது— வாய் திறந்திருந்தது. கிட்ட வந்ததும் ஹியூபர்ட் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்புறம் எங்களுக்குப் பின்னால் வெள்ளையாக மட்டும் இருந்தது. ஆறு தடவை இருக்கும். கொடியைக் கீழே போடவில்லை, அதைச் சொல்லவேண்டும்.

இறங்கினபோது சொட்டச் சொட்ட நின்றார். யாரோ துண்டு கொடுத்தார்கள், வாங்கிக்கொள்ளவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"மூச்சே விட முடியல, ம்யூரியல். வெறும் தண்ணிதான்."

"ஆமா. தண்ணிதான்."

அவர் பிறகும் அங்கேயே நின்றார். துண்டை நான் வாங்கி அவர் தோளில் போட்டேன்.

செப்டம்பர் 3

ஹியூபர்ட் தொலைபேசியில். இரண்டு ஊர் தள்ளி ஒரு அம்மா இருக்கிறாராம், கொடி பிடித்தவர், யாரும் இதுவரை போய்க் கேட்டதில்லையாம். "நான் தனியாப் போனா சரிவராது. நீ வர்றியா?"

ஒலிப்பதிவுக் கருவியை நெவிலிடமிருந்து வாங்கிவரச் சொன்னேன். வியாழன் காலை கிளம்புகிறோம்.