மஞ்சள் ஸ்வெட்டரை யார் பின்னியது?

என் விஜிக்கண்ணுக்கு,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. போனவளைத் திட்டி எழுதக்கூடாது என்பார்கள். ஆனால் என்னை நன்றாக மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய், அதனால் திட்டித்தான் எழுதப்போகிறேன்.

உன் மகள் ரேவதிக்கு இது ஏழாம் மாதம். கனடாவிலிருந்து போன மாதம் ஒரு பார்சல் அனுப்பினாள். உள்ளே இரண்டு பின்னல் ஊசி, நான்கு பந்து மஞ்சள் நூல், ஒரு போட்டோ. கைக்குழந்தையாக இருந்தபோது அவள் போட்டிருந்த மஞ்சள் ஸ்வெட்டரின் போட்டோ. அந்த ஸ்வெட்டரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். "அத்தை, எனக்குப் பின்னின மாதிரியே என் பாப்பாவுக்கும் ஒன்னு பின்னிக் குடுங்க. இப்ப அம்மா இல்ல, நீங்கதான் செய்யணும்" என்றாள் போனில்.

நான் என்ன சொல்லட்டும், விஜி? உனக்கு மருந்து வாங்க வேலூர் போன இடத்தில், சாலையோரக் கடையில் பேரம் பேசி வாங்கி வந்த ஸ்வெட்டர் அது.

அவளுக்குப் பேர் வைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? வீடு நிறைய சொந்தக்காரர்கள். தேவிகாபுரத்தில் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்த குடும்பத்திலிருந்து நெசவுக்காரர் வீட்டுக்கு வந்தவள் நான். உன் அண்ணன் என்னைக் காதலித்துக் கட்டிக்கொண்டதை உன் அம்மாவால் ஜீரணிக்க முடியவில்லை. "இவளுக்கு நூலுன்னா இன்னான்னே தெரியாது" என்றார், எல்லோர் முன்னாலும். எனக்கு உயிரே போய்விட்டது. நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல், "பாப்பா போட்டுகினு கீற ஸ்வெட்டரே அண்ணி பின்னினதுதாம்மா" என்றாய். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் எனக்கு உட்கார ஓர் இடம் கிடைத்தது.

இப்போது அதே இடத்தில் எழுந்திருக்க வழியில்லாமல் உட்கார்ந்திருக்கிறேன். போனில் ஒரு பெண் இந்தியில் சொல்லிக்கொண்டே பின்னிக் காட்டுகிறாள். அவள் கையைப் பார்த்துப் பின்னுகிறேன். நூலா இது? பூனை ரோமம். ஒரு கண்ணி நழுவினால் எங்கே போனதென்று தெரிவதில்லை. பிரித்துவிடலாம் என்று இழுத்தால் ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. இதில் அந்த ஸ்வெட்டரில் இருக்கிற பாழாய்ப்போன ஜடை டிசைன் வேறு. மூன்று கண்ணியை மூன்று கண்ணிக்கு மேலே தாண்டிப் போடவேண்டும். என் ஜடை இடது பக்கமாகவே சாய்கிறது. அன்றைக்கு நான் சாதாரண ஸ்வெட்டராகப் பார்த்து வாங்கியிருக்கக் கூடாதா?

"கடையில ஒன்னு வாங்கி அனுப்பிட்டு வேலையப் பாரு" என்கிறார் உன் அண்ணன். ஒரு தடவை செய்ததற்கே இந்தப் பாடு. ரேவதியிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். தாயைப் பறிகொடுத்து ஐந்து மாதமே ஆன பிள்ளைத்தாய்ச்சியிடம், 'உன் அம்மா பொய் சொன்னாள்' என்று எப்படி ஆரம்பிப்பது? வைத்துவிட்டேன்.

நேற்றுக் காலை பதினெட்டாவது வரிசையில் எல்லாம் சிக்கிக்கொண்டது. அழுதுவிட்டேன். எதிரே உன் அம்மா.

"இன்னாத்துக்கு அழுவுற?"

"எனக்குப் பின்னத் தெரியாது அத்தை. அந்த ஸ்வெட்டர நான் பின்னல."

"தெரியும். அது மிஷின்ல போட்டது. தொட்டதுமே தெரிஞ்சிச்சி. கழுத்துல லேபிள் கத்திரிச்ச தடம் வேற."

பட்டுச் சேலையைத் தடவியே கைத்தறியா விசைத்தறியா என்று சொல்கிறவரிடம் போய் நாம் பொய் சொல்லியிருக்கிறோம்!

"அப்பவே ஏன் கேக்கல?"

"எம் பொண்ணு நாலு பேரு முன்னால ஒன்னு சொன்னா. அத நானே பொய்யின்னு சொல்லுவனா?" என் கையில் சிக்கிக் கிடந்த நூலைப் பார்த்தார். "இப்பவும் அது பொய்யா போவக்கூடாது. பேஜார் பண்ணாம பின்னு."

உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விஜி. எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. நீ போன பிறகு உன்னைப் பற்றி அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

ஆகவே பின்னுகிறேன். ஒரு கை நீளமாக வரும் போலிருக்கிறது. பழைய ஸ்வெட்டரையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரேவதி கண்டுபிடித்துவிடுவாள், அவளும் உன் அம்மாவின் பேத்திதானே. கண்டுபிடிக்கட்டும். பிள்ளை பிறப்பதற்குள் இதை அனுப்பிவிடுவேன். எனக்குப் பின்னத் தெரியும் என்று நீ அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டாய். தெரிந்துகொள்கிறேன், விஜி.

உன் வாய்ச்சொல்லைக் காப்பாற்றப்போகும்
உன் அண்ணி,
தனம்