ரேடியோ சலூன்

மார்ச் 4
ஆஸ்பத்திரியில் இனி பேச்சுப் பயிற்சி கிடையாதாம். அந்த அறையை எக்ஸ்ரேவுக்குக் கொடுத்துவிட்டார்கள். மூளையில் அடைப்பு வந்து இவருக்குக் கையும் பேச்சும் போயிற்று. கை திரும்பிவிட்டது, பேச்சு திரும்பவில்லை. அஃபேசியா என்று பெயர். காதும் புத்தியும் அப்படியே இருக்கு, வார்த்தைதான் வாய்க்கு வரமாட்டேங்குது. எங்கள் சலூனில் இவருக்கு ரேடியோ என்று பட்டப்பேர். ஒருவருக்கு வெட்டி முடித்துத் துணியை உதறி "அடுத்து!" என்றால் தெருமுனைவரை கேட்கும். இப்போது கடை பூட்டிக் கிடக்கிறது.

மார்ச் 6
இவர் அண்ணன் வந்திருந்தார். செவிடரிடம் பேசுவதுபோல இவர் காதில் கத்துகிறார். பேச முடியாதவனுக்குக் கடை எதுக்கு, யாருக்காவது விட்டுடலாம் என்கிறார். இவரை வைத்துக்கொண்டே! எனக்கு வந்த கோபத்துக்கு அவர் டீயில் சர்க்கரை போடவில்லை. அவ்வளவுதான் முடிந்தது.

மார்ச் 10
ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் வீடு தேடி வந்தாள். "வாய் அசையறதைப் பார்த்துப் பழகக் கண்ணாடி வேணும்க்கா. உங்க கடையில சுவர் முழுக்கக் கண்ணாடிதானே?" என்றாள். நான் இவரைப் பார்த்தேன். எழுந்துபோய்ச் சாவியைக் கொண்டுவந்தார்.

மார்ச் 18
கடையில் முதல் பயிற்சி. இவரோடு நாலு பேர். ஆளுக்கொரு நாற்காலி, எதிரே கண்ணாடி. கூட வந்த எங்களுக்கும் பாடம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, ஆமா இல்லை என்று தலையாட்டுகிற மாதிரி. பிறகு காத்திருக்கணும். நானா, காத்திருப்பதா? நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இவருக்குக் கொடுத்த வார்த்தை "அடுத்து". முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. சீப்பை வீசி எறிந்தார். பக்கத்து நாற்காலி பஸ் டிரைவர், அவருக்கும் இதே கதிதான், அதை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுத் தன் வாயைத் தொட்டு உதட்டைப் பிதுக்கினார். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை நாளாச்சு இந்தச் சிரிப்பைப் பார்த்து!

மார்ச் 25
"அடு" வரை வந்தது.

ஏப்ரல் 15
இவர் அண்ணனைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வந்ததும் கத்த ஆரம்பித்தார். "அவருக்கு நல்லாக் காது கேக்குது சார், மெதுவாப் பேசுங்க" என்றாள் அந்தப் பெண். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. பயிற்சி முடிந்ததும் இவர் டிரைவருக்கு முடி வெட்டினார். அண்ணன் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வருகிறவர்களையும் ஆஸ்பத்திரி இனி இங்கேதான் அனுப்புமாம், இன்னொரு பயிற்சியாளரும் வருகிறாராம். விதவிதமான வெட்டுகளின் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். முடி வெட்ட வருகிறவர்கள் விரல் வைத்துக் காட்டினால் போதும். யார் பெற்ற பிள்ளையோ, நல்லா இருக்கணும்.

ஏப்ரல் 28
முடி வெட்ட மறுபடி கடை திறந்தோம். முதல் ஆளாக அண்ணன் வந்து உட்கார்ந்தார். கத்தவில்லை. இருக்கிற நாலு முடிக்கு எல்லாப் படத்தையும் பார்த்து ஒன்றில் விரல் வைத்தார். இவர் வெட்டி முடித்துத் துணியை உதறினார்.

"அடுத்து!"

தெருமுனைவரை இல்லை, வாசல்வரைதான். கடையில் வேறு யாரும் இல்லை. நான் போய் உட்கார்ந்தேன்.